பழைய .303 துப்பாக்கிக்குத் தோட்டா கெட்டிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்: குண்டும் மருந்தும்

நான் ஒன்டாரியோவில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக ஒரே ஒரு லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துப்பாக்கியோடுதான் மான் வேட்டைக்குப் போகிறேன். 1943இல் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. போருக்குப் பிறகு யாரோ அதன் மரத்தைக் குறைத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருக்கிறார்கள். இந்த நாட்டில் இப்படிப்பட்ட துப்பாக்கிகள் ஏராளம். புதிதாக உரிமம் எடுத்த நம்மவர்கள் பலர் முதலில் வாங்குவதும் இதைத்தான். தோட்டாவைத் தாங்களே கெட்டிக்க, அதாவது வெறும் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்க, தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொற்களில் குழப்பம் வேண்டாம். குழலை விட்டுப் பறப்பது குண்டு. பித்தளையில் ஆனது கூடு. எரிவது மருந்து. கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி பிரைமர். எல்லாம் சேர்ந்தது தோட்டா. எடையெல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெயின். தராசைக் கிராமில் வைத்துக்கொண்டு கிரெயின் கணக்கைப் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் தராசின் அலகைப் பாருங்கள்.

த்ரீ நாட் த்ரீ என்றால் 0.303 அங்குலக் குண்டுதானே? கடையில் 0.311, 0.312 என்று விற்கிறார்களே?

குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் ஓடுகின்றன. எதிரெதிர் மேடுகளுக்கு இடையேயான அகலம்தான் 0.303. குண்டு நிரப்ப வேண்டியது பள்ளத்தின் அடிவரை. அந்த விட்டம் 0.311 அங்குலத்துக்கும் மேலே. ஆகவே 0.311 அல்லது 0.312 குண்டுதான் சரி. தேய்ந்த குழல்களிலும் போர்க்கால அவசரத்தில் துளைத்த குழல்களிலும் 0.314, 0.315 வரைகூட விட்டம் போவதுண்டு.

நண்பரிடம் .308 குண்டு ஒரு பெட்டி சும்மா கிடக்கிறது. ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதானே வித்தியாசம், போட்டால் என்ன?

போடாதீர்கள். அந்த மூன்று நான்கு பங்குதான் குண்டைப் பள்ளத்தோடு பிணைக்கிறது. பிணைப்பு இல்லாவிட்டால் குண்டு சரியாகச் சுழலாது, வாயு பக்கவாட்டில் கசியும், இலக்கில் குண்டு எங்கே படும் என்பதைச் சொல்ல முடியாது. கூட்டின் கழுத்தும் அதை இறுகப் பிடிக்காது. காகித இலக்கில் இது வெறும் ஏமாற்றம். மானின் மீதென்றால் ஓர் உயிரைக் காயப்படுத்திக் காட்டுக்குள் ஓடவிடுவது.

என் துப்பாக்கியின் குழலை எப்படி அளப்பது?

குண்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்து, போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை, கழற்றுங்கள். குழலைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். குழலைவிடச் சற்றே பருத்த, கலப்பில்லாத மென்மையான ஈயத் துண்டு ஒன்றை வாய்ப்பக்கம் வைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி உள்ளே செலுத்துங்கள். தொடக்கத்தில் அது இறுக்கமாக இருக்கும். பிறகு ஒரே சீராக நகரும். நடுவழியில் திடீரென்று தளர்ந்தால் அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது என்று பொருள். கை உணர்வதைக் கவனித்துக்கொண்டே செய்யுங்கள்.

வெளியே வந்த துண்டை அளக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான லீ-என்ஃபீல்ட் குழல்களில் ஐந்து பள்ளங்கள். ஐந்து ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரின் இரு தட்டையான முகங்களுக்கு இடையே வைத்து அளந்தால் உண்மையைவிடக் குறைவான எண்தான் கிடைக்கும். ஐந்து முனை வெட்டுக்கருவிகளை அளப்பதற்கென்று வீ வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் உண்டு. லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். போர்க்காலத்தில் இரண்டே பள்ளம் போட்ட குழல்களும் வந்தன. உங்களுடையது அந்த வகை என்றால் நேராக அளந்துவிடலாம்.

அளந்தேன், 0.314 வந்தது. அந்த அளவில் குண்டே கிடைக்கவில்லையே?

0.312 வாங்குங்கள். அடிப்பாகம் தட்டையான ஈயக்கருக் குண்டு என்றால் மருந்தின் அழுத்தத்தில் பின்புறம் சற்று விரிந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். என் குழலும் ஏறத்தாழ இதே அளவுதான். 100 கஜத்தில் மானுக்குத் தேவையான துல்லியம் கிடைக்கிறது. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள் இன்னும் பருமனாகவும் செய்துகொள்ளலாம். ஆனால் அது தனிக் கலை.

பருமனைக் கூட்டும்போது ஒரு சோதனை தேவை. உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டை எடுத்து, எதுவும் செய்யாமல், புதுக் குண்டை அதன் கழுத்தில் விடுங்கள். தடையில்லாமல் விழ வேண்டும். சிக்கினால், கெட்டித்த தோட்டாவின் கழுத்து விரிய, தோட்டா அமரும் அறையில் இடமிருக்காது, அழுத்தம் ஏறிவிடும்.

எத்தனை கிரெயின் குண்டு வாங்கலாம்? 150ஆ, 174ஆ, 180ஆ?

இந்தத் துப்பாக்கி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் விடை எளிது. 1880களின் இறுதியில் .303 வந்தபோது குண்டு 215 கிரெயின். மழுங்கிய முனை, எரிந்தது கருமருந்து. 1910இல் கூர்முனை கொண்ட மார்க் 7 வந்தது: 174 கிரெயின், வினாடிக்கு 2,440 அடி வேகம். நம்பர் 4 துப்பாக்கியின் குறிபார்க்கும் அளவுகள் அந்தக் குண்டுக்காக வகுக்கப்பட்டவை. ஆகவே இராணுவக் குறியை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு 174 அல்லது 180 கிரெயின்தான் அதிகம் பொருந்தும்.

வெள்ளைவால் மானுக்கு 150 கிரெயினே தாராளம். தோளில் உதையும் குறைவு. மூஸ் என்ற மிகப் பெரிய மானுக்கு நான் 180க்குக் கீழே போக மாட்டேன். மழுங்கிய முனையுள்ள 174 கிரெயின் குண்டு அடர்ந்த காட்டில், 100 கஜத்துக்குள், மிக நன்றாக வேலை செய்யும். 215 கிரெயின் இன்றும் கிடைக்கிறது, விலை அதிகம். மிகப் பழைய, குறி மாற்றாத துப்பாக்கி வைத்திருந்தால் மட்டும் அதைத் தேடுங்கள்.

அண்ணா, பின்பக்கம் கூம்பிய குண்டு அதிக தூரம் போகுமாமே? அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

காற்றைக் கிழிப்பதில் அது கெட்டிதான். சிக்கல் குழலில் இருக்கிறது. இந்தத் துப்பாக்கிகள் பல ஆண்டுகள் கார்டைட் என்ற மருந்தைத் தின்றவை. அதன் பழைய கலவையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். எரியும் சூடு கடுமையானது. அறையை அடுத்துக் குழல் தொடங்கும் இடத்தை அது அரித்துவிடும். அரித்த இடத்தில் கூம்பிய குண்டின் பின்புறம் அடைப்பாக நிற்காது. சூடான வாயு முந்திக்கொண்டு ஓடும். இயந்திரத் துப்பாக்கிக்காக மார்க் 8 என்ற கூம்பிய குண்டைக் கொண்டுவந்தபோது, கார்டைட் தின்ற சாதாரணத் துப்பாக்கிகளில் அது சிதறிச் சுட்டது இராணுவத்துக்கே தெரிந்த செய்தி.

குழல் புதிது போலிருந்தால் தாராளமாக முயன்று பாருங்கள். தேய்ந்த குழலுக்குத் தட்டை அடிதான்.

பழைய இராணுவத் தோட்டா ஒரு பெட்டி கிடைத்தது. குண்டை உருவி எடுத்து மறுபடி கெட்டிக்கலாமா?

வேட்டைக்குக் கூடாது. அது முழு உறை போட்ட குண்டு. உடலுக்குள் விரியாமல் ஊடுருவிப் போய்விடும். கனடாவின் பல இடங்களில் வேட்டைக்கு அதற்குத் தடையும் இருக்கிறது. கூட்டையும் நம்ப வேண்டாம். பலவற்றில் பிரைமர் துளை வேறு வகை. நம் கருவியால் தள்ளி எடுக்க முடியாது. பழைய பிரைமர்களின் எச்சம் உப்பாகப் படிந்து குழலைத் துருவேற்றும். அத்தகைய தோட்டாவைச் சுட்டவர்கள் அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும்.

உருவிப் பார்த்தவர்கள் உள்ளே சேமியா மாதிரி மஞ்சள் குச்சிகள் நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதுதான் கார்டைட். கூட்டின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே அந்தக் கட்டை உள்ளே வைத்துவிடுவார்கள். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு ஆலையை ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியது இந்த மருந்தைச் செய்யத்தான். இன்றும் ஊரார் அதைக் கார்டைட் ஃபேக்டரி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குச்சிகளை நறுக்கி வேறு கூட்டில் போட நினைக்காதீர்கள். நறுக்கினால் எரியும் பரப்பு கூடும். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

கடையில் முப்பது நாற்பது வகை மருந்து இருக்கிறது. எதை வாங்குவது?

மருந்தின் வலிமையைவிட அது எரியும் வேகம்தான் முக்கியம். வேகமாக எரிவது சிறிய கூட்டுக்கும் லேசான குண்டுக்கும். மெதுவாக எரிவது பெரிய கூட்டுக்கும் கனத்த குண்டுக்கும். .303 இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 150 முதல் 180 கிரெயின் வரை ஐஎம்ஆர் 4895, எச் 4895, ஐஎம்ஆர் 4064, வார்கெட், ரீலோடர் 15 ஆகியவை பொருந்தும். 215 கிரெயினுக்கு 4350 வகை போல இன்னும் மெதுவானவை.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எச் 4895 வாங்குங்கள். கூட்டை ஓரளவு நிரப்புவதால் இருமுறை கொட்டிவிட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குறைந்த அளவிலும் ஒழுங்காக எரியும். அந்தக் குணம் எங்கே பயன்படும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வேக வரிசைப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பட்டியல் வரிசையைச் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது.

ஐஎம்ஆர் 4895உம் எச் 4895உம் பெயரில்தானே வித்தியாசம்?

இரண்டும் வேறு வேறு மருந்து. 4895 முதலில் அமெரிக்க இராணுவத்தின் கேரண்ட் துப்பாக்கித் தோட்டாவுக்காக வந்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய இராணுவ இருப்பை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்றுத்தான் ஹாட்ஜ்டன் நிறுவனம் வளர்ந்தது. அதனால்தான் எண் ஒன்றாக இருக்கிறது. இன்றைய எச் 4895 ஆஸ்திரேலியாவில் தயாராவது. அதற்கான அளவும் தனி. 4350, 4831 ஆகியவற்றிலும் இதே பெயர்ச் சிக்கல் உண்டு. டப்பாவில் உள்ள பெயர் முழுதும், எழுத்து உட்பட, கையேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

சுற்றி வளைக்காமல், எத்தனை கிரெயின் மருந்து என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுங்களேன்?

சொல்ல மாட்டேன். என் எண் என் குழலுக்கும் என் கூட்டுக்கும் என் குண்டுக்கும் உரியது. மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் அழுத்தத்தை அளந்து வெளியிடும் கையேடுகள் இருக்கின்றன. உங்கள் குண்டு, உங்கள் மருந்து இரண்டும் ஒரே வரியில் இருக்கும் பக்கத்தை எடுங்கள். அங்கே தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து அரை அரை கிரெயினாக ஏறுங்கள். ஒவ்வோர் அளவிலும் ஐந்து தோட்டா போதும். எடை ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் குண்டுக்கு உள்ள அளவை மற்றொன்றின் குண்டுக்குப் போடக்கூடாது. உறையின் கடினம், குழலைத் தொடும் நீளம் எல்லாம் மாறும்.

வேகமானி ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. கையேடு உச்ச அளவுக்குச் சொல்லும் வேகத்தை நீங்கள் எட்டிவிட்டால் அதற்கான அழுத்தத்தையும் எட்டிவிட்டீர்கள். அங்கேயே நிறுத்துங்கள். என்னுடைய நல்ல தோட்டா உச்சத்துக்கு மிகவும் கீழேதான் கிடைத்தது.

இது இராணுவத் துப்பாக்கி, இரும்புக் கோட்டை மாதிரி. கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் .308 வின்செஸ்டர் என்ற வேறு தோட்டாவுக்கு இணையாக்கலாமே?

.303க்கு அமெரிக்க வரையறை சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு அழுத்தம். .308 வின்செஸ்டருக்கு 62,000. லீ-என்ஃபீல்ட் போல்ட்டின் பூட்டுப் பற்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. சுடும்போது போல்ட் முழுவதும் அழுந்தி நெளிகிறது. கூடு அதற்கேற்ப நீள்கிறது. விரைவாக இயங்குவதற்காக அப்படி வகுத்தார்கள். அந்த வேலையில் அதற்கு இணையான போல்ட் துப்பாக்கி அரிது. ஆனால் அழுத்தத்தைக் கூட்ட அது இடம் தராது.

"பிரைமர் தட்டையாகவில்லையே, இன்னும் ஏறலாம்" என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். 49,000க்கு வகுத்த துப்பாக்கியில் பிரைமர் தட்டையாகும்வரை காத்திருந்தால் எப்போதோ எல்லை தாண்டியாயிற்று. போல்ட்டைத் தூக்கும்போது லேசாகப் பிடித்தாலே இறங்கிவிடுங்கள்.

கூடு இரண்டாம் மூன்றாம் தடவையிலேயே அடியில் அறுந்துவிடுகிறது. மருந்து அதிகமாகிவிட்டதா?

பெரும்பாலும் மருந்தின் மேல் குற்றமில்லை. இது எனக்கே நடந்தது. நவம்பர் மாதம், விடியும் நேரம், முதல் குண்டு மானைத் தவறவிட்டது. போல்ட்டை இழுத்தேன், கூட்டின் அடிப்பாதி மட்டும் வெளியே வந்தது. மேல்பாதி குழாய் போல அறைக்குள் மாட்டிக்கொண்டது. அடுத்த தோட்டா முக்கால் பங்கு நுழைந்து நின்றுவிட்டது. மான் அங்கேயே சில கணம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

.303 கூடு அதன் அடி விளிம்பில் தங்குகிறது; கழுத்துக்குக் கீழே கூடு குறுகும் தோள்பட்டையில் அல்ல. போர்முனையில் சேறு பட்டாலும் தோட்டா நுழைய வேண்டும் என்று அறையைத் தாராளமாகக் குடைந்துவிட்டார்கள். சுட்டதும் கூடு முன்னோக்கி நீண்டு அறையை நிரப்புகிறது. நீங்கள் அதை முழு டையில், அதாவது கூடு முழுவதையும் அழுத்தும் அச்சில், போட்டுப் பழைய அளவுக்குச் சுருக்குகிறீர்கள். மறுபடி நீள்கிறது. ஒவ்வொரு முறையும் விளிம்புக்குச் சற்று மேலே பித்தளை மெலிகிறது. வெளியே அந்த இடத்தில் பளபளக்கும் வளையம் தெரியும். உள்ளே பார்க்க ஒரு காகிதக் கிளிப்பை நேராக்கி, நுனியைச் சிறிது மடக்கி, கூட்டின் சுவரோடு அடியிலிருந்து மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டும். தட்டியதைச் சப்பையாக்கிக் குப்பையில் போடுங்கள்.

வழி எளிது. புதுக்கூட்டை முதல்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டுங்கள். கூடு போல்ட்டோடு ஒட்டி நிற்கும், நீட்சி தோள்பக்கம் போய்விடும். அதன்பிறகு கழுத்தை மட்டும் சுருக்குங்கள். அந்தக் கூட்டை வேறு துப்பாக்கியில் போடாதீர்கள். இவ்வளவும் செய்து இன்னும் அறுந்தால் விளிம்பு இடைவெளியை, அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் கூட்டின் விளிம்பு தங்கும் இடத்துக்கும் இடையேயான தூரத்தை, துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டி அளக்கச் சொல்லுங்கள். நம்பர் 4இன் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு, வெவ்வேறு நீளத்தில் வந்தவை. மாற்றிச் சரிசெய்ய முடியும்.

மகளுக்குப் பதினைந்து வயது, உதைக்குப் பயப்படுகிறாள். மருந்தைப் பாதியாகக் குறைக்கலாமா?

எந்த மருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்தைத் தொடக்க அளவுக்குக் கீழே குறைக்காதீர்கள். பெரிய கூட்டில் கொஞ்சமாகக் கிடக்கும் மெதுவான மருந்து ஒழுங்கில்லாமல் எரியும். குண்டு குழல் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

எச் 4895இன் குணம் என்று முன்பு சொன்னேனே, இங்கேதான் அது பயன்படும். கையேட்டில் அந்தக் குண்டுக்கு எச் 4895இன் உச்ச அளவு என்ன போட்டிருக்கிறதோ, அதில் 60 சதவீதம்வரை இறங்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. இந்த விதி அந்த ஒரு மருந்துக்கு மட்டும் உரியது. ஐஎம்ஆர் 4895க்கு நீட்டாதீர்கள். இவ்வளவு குறைத்தால் மேலே சொன்ன வழிந்து காட்டிக்கொடுக்கும் பாதுகாப்பும் இருக்காது. ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பாருங்கள். 150 கிரெயின் குண்டோடு இது பழகுவதற்கு அருமையானது. பிள்ளை பயமில்லாமல் விசையை அழுத்தக் கற்றுக்கொண்டால் பிறகு ஏறிக்கொள்ளலாம். ஆனால் குறைத்த தோட்டாவோடு மானைச் சுடுவதென்றால் குண்டு அந்த வேகத்தில் விரியுமா என்று அதைச் செய்த நிறுவனத்தின் குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள்.

கோடையில் சோதித்துத் தேர்ந்த தோட்டா குளிரில் கீழே அடிக்கிறது. ஏன்?

குளிரில் மருந்து மந்தமாக எரியும்; அடர்ந்த காற்றும் குண்டை இழுக்கும். எச் 4895, வார்கெட் இரண்டும் வெப்ப மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படாதபடி செய்யப்பட்டவை. இந்த நாட்டு நவம்பருக்கு அது பெரிய உதவி. எதை வைத்திருந்தாலும் வேட்டைக்கு முந்தைய வாரம், அந்தக் குளிரிலேயே, ஒருமுறை குறிபார்த்துச் சரிசெய்யுங்கள்.

செம்புக் குண்டு நல்லதா?

நல்லது, இறைச்சியில் ஈயத்துகள் கலக்காது. நானும் வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவதால் மாறிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஈயத்தைவிடச் செம்பு இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். கூட்டுக்குள் இடத்தைப் பிடிக்கும். அதற்கென்று வெளியிட்ட அளவைத்தான் பயன்படுத்த வேண்டும். ஈயக்கருவைப் போலப் பின்புறம் எளிதில் விரிந்து அடைக்காது என்பதால் 0.314 குழல்காரர்கள் ஒரு பெட்டி மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.

ஊரில், தமிழ்நாட்டில், இதைச் செய்யலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்கும் தடை. இந்தப் பக்கம் முழுவதும், உரிமத்தோடு தன் தேவைக்குத் தோட்டா கெட்டிக்கச் சட்டம் இடந்தரும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது.

துப்பாக்கி விற்ற பெரியவர் தான் கெட்டித்த தோட்டாக்களும் பாதி டப்பா மருந்தும் சேர்த்தே கொடுத்தார். பயன்படுத்தலாமா?

கொடுத்தவரின் மனது பெரிது. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தோட்டாக்களைச் சுடாதீர்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். குண்டைத் துடைத்து அளந்து பழக வைத்துக்கொள்ளலாம். கூட்டைக் கிளிப் போட்டுப் பாருங்கள். பிரித்து எடுத்த மருந்து என்னவென்று தெரியாது, அதை விட்டுவிடுங்கள்.

டப்பா மருந்து திறந்த அன்றே தன் நிலையைச் சொல்லிவிடும். நல்ல மருந்தில் ஈதர் போன்ற மெல்லிய வாசனை வரும். கெட்டுப்போனதில் மூக்கைக் குத்தும் புளித்த அமில நெடி, செம்புழுதி போன்ற தூள், சில சமயம் மூடியைத் திறந்ததும் செந்நிறப் புகை. அப்படி இருந்தால் வீட்டுக்குள் வைக்காதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து வெளியே வைத்துவிட்டு, உங்கள் ஊர் தீயணைப்புத் துறையிடமோ நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்திலோ எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். வாசனை நன்றாக இருந்தும் டப்பாவின் பெயர்ச்சீட்டு கிழிந்திருந்தால், அல்லது ஒரு டப்பாவில் வேறு மருந்து கொட்டியிருக்கலாம் என்ற ஐயம் துளி இருந்தாலும், அதுவும் அதே வழியில்தான் போக வேண்டும்.